ஒரு நாட்டின் அனாமத்துக் கணக்கு

செமஸ்டர் பரீட்சை முடிந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. சும்மா இருக்க முடியாமல் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள் :-)

பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இந்த அனுபவம் கண்டிப்பாக இருக்கும். இருப்பாய்வு போட்டு முடித்தால் பற்றுப் பக்கம் ஒரு தொகை, வரவுப் பக்கம் வேறு ஒரு தொகை. வித்தியாசம் 900 ரூபாய். மணி அடிக்கப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. எங்கே தப்பு என்று தேட நேரமில்லை. என்ன செய்வோம்? "அனாமத்துக் கணக்கு 900" என்று ஒரு வரி எழுதி, இரண்டு பக்கத்தையும் சமமாக்கி, பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம்.

எங்கள் சார் இதற்கு மார்க்கைக் குறைக்க மாட்டார். ஆனால் ஒன்று சொல்வார். "அனாமத்துல போட்டதால தப்பு தீர்ந்திடுச்சுன்னு நெனைக்காதப்பா. தப்பு இங்க இருக்குன்னு ஒரு அடையாளம் வச்சிருக்க, அவ்வளவுதான். வருஷம் முடியறதுக்குள்ள கண்டுபிடிச்சு அதை மூடணும்."

900 ரூபாய்க்கு இந்தப் பேச்சு. 422 கோடி டாலரை ஒரு அரசாங்கம் ஆறு வருடத்தில் இப்படி அனாமத்தில் விட்டது என்றால்? (ரூபாய் இல்லை, டாலர்.) அந்த நாட்டில் அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. குழந்தைகள் வயிற்றுப்போக்கிலும் மலேரியாவிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். நாட்டின் பெயர் அங்கோலா.

எண்ணெய், யுத்தம், ஊழல் என்றதும் நம்மில் பலருக்கு ஈராக்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான். ஆனால் எண்ணெய்ப் பணம் எப்படிக் காணாமல் போகிறது என்பதை வணிகவியல் மாணவன் ஒருவன் படிப்படியாகப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் அங்கோலாவைவிட நல்ல பாடம் கிடையாது என்று தோன்றுகிறது.

இரண்டு படைகள், இரண்டு கஜானாக்கள்

ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில், அட்லாண்டிக் கடலை ஒட்டி இருக்கிறது அங்கோலா. நூற்றாண்டுக்கணக்கில் போர்ச்சுகல் ஆண்ட நாடு. 1975 நவம்பர் 11 அன்று சுதந்திரம் கிடைத்தது. ஆனால் சுதந்திரத்துக்காகப் போராடிய இயக்கங்கள் அதற்கு முன்பே ஒன்றை ஒன்று சுட ஆரம்பித்துவிட்டன. தலைநகர் லுவாண்டாவைப் பிடித்தது எம்.பி.எல்.ஏ. இயக்கம். அதற்கு சோவியத் யூனியனும் கியூபாவும் துணை. எதிரணியில் முக்கியமானது ஜோனாஸ் சவிம்பியின் யூனிட்டா. அதற்கு அன்றைய நிறவெறி தென்னாப்பிரிக்காவும் அமெரிக்காவும் துணை. இடையில் சில சமாதான ஒப்பந்தங்கள் வந்தன, முறிந்தன. மொத்தத்தில் 27 வருடம். 2002 பிப்ரவரி 22 அன்று சவிம்பி சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் யுத்தம் ஓய்ந்தது. குறைந்தது 5 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. வீடிழந்தவர்கள் ஏறத்தாழ 40 லட்சம்.

இவ்வளவு நாள் சண்டை போடப் பணம் எங்கிருந்து வந்தது? ஆரம்பத்தில் வல்லரசுகள் கொடுத்தன. பனிப்போர் முடிந்ததும் அந்தக் குழாய் அடைபட்டது. அதற்குப் பிறகு யுத்தம் சொந்தக் காலில் நின்றது. யூனிட்டாவின் கையில் வைர வயல்கள். 1992 முதல் 1998 வரை வைரத்தில் மட்டும் அது 370 கோடி டாலர் சம்பாதித்ததாக குளோபல் விட்னஸ் என்ற அமைப்பு கணக்கிட்டது. அரசின் கையில் எண்ணெய். ரத்த வைரம் பற்றி சினிமாவே வந்துவிட்டது. எண்ணெயைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

அங்கோலாவின் எண்ணெய் பெரும்பாலும் கடலுக்கு அடியில். அதனால் நாட்டுக்குள் எவ்வளவு சண்டை நடந்தாலும் கிணறுகள் ஓடிக்கொண்டே இருந்தன. பழைய கிணறுகள் வடக்கே கபிண்டாவில். அங்கே எண்ணெய் எடுத்தது கல்ஃப் ஆயில் என்ற அமெரிக்க கம்பெனி (1980களில் செவ்ரானோடு இணைந்துவிட்டது). அமெரிக்க கம்பெனி கொடுத்த வரிப்பணத்தில் மார்க்சிய அரசு ஆயுதம் வாங்கியது. அந்த கம்பெனியின் கிணறுகளைக் காவல் காத்தவர்கள் கியூபாவின் சிப்பாய்கள். யாரிடமிருந்து காத்தார்கள்? அமெரிக்கா ஆதரித்த படைகளிடமிருந்து! 1985 மே மாதம் கபிண்டாவின் எண்ணெய்க் கட்டமைப்பைத் தகர்க்க வந்த தென்னாப்பிரிக்க கமாண்டோக்களில் இருவர் கொல்லப்பட்டு, கேப்டன் பிடிபட்டார். கொள்கை எல்லாம் ஒரு பக்கம், வியாபாரம் ஒரு பக்கம் என்று இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

பணம் போக வேண்டிய வழி, போன வழி

இப்போது நம் சப்ஜெக்டுக்கு வருவோம். ஒரு நாட்டில் எண்ணெய் கிடைத்தால் பணம் எப்படிப் போக வேண்டும்? கம்பெனி வரியும் ராயல்டியும் கட்டும். அது நிதித்துறையின் கஜானாவுக்குப் போகும். பட்ஜெட்டில் வரவாகத் தெரியும். நாடாளுமன்றம் ஒதுக்கும். செலவாகும். தணிக்கை நடக்கும். ஆறு படிகள். ஒவ்வொரு படியிலும் ஒரு ஏடு.

அங்கோலாவில் நடுவில் சொனாங்கோல் என்ற அரசு எண்ணெய் நிறுவனம் உட்கார்ந்திருந்தது. 1976ல் ஆரம்பிக்கப்பட்டது. 1978ம் ஆண்டுச் சட்டப்படி நாட்டின் எண்ணெய் உரிமை முழுவதும் அதன் கையில். யாருக்கு எந்த பிளாக் என்று தீர்மானிப்பது அது. அந்த பிளாக்கில் தானே பங்குதாரராக இருப்பது அது. அரசுக்கு வரவேண்டிய பங்கு எண்ணெயை விற்பதும் அது. அதாவது ஏலம் விடுபவர், ஏலம் எடுப்பவர், பணம் வசூலிப்பவர் எல்லாம் ஒரே ஆள். ஊர்க் கோயில் திருவிழாவில்கூட வசூல் செய்பவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் ஒருவர் என்று வைப்பார்கள். இங்கே அது இல்லை.

சொனாங்கோல் திறமையில்லாத அரசு நிறுவனம் என்று நினைத்துவிடாதீர்கள். நாட்டிலேயே நன்றாக நடந்த நிறுவனம் அதுதான். நல்ல பொறியாளர்கள், நல்ல வழக்கறிஞர்கள், வெளிநாட்டு வங்கிகளில் நல்ல பெயர். 1979 முதல் 2017 வரை அதிபராக இருந்த ஜோசே எடுவர்டோ டோஸ் சாண்டோஸ் சோவியத் பாக்கூவில் படித்த பெட்ரோலியப் பொறியாளர். பள்ளியும் ஆஸ்பத்திரியும் சிதைந்து கிடந்த நாட்டில் எண்ணெய் நிறுவனம் மட்டும் பளபளவென்று இருந்தது தற்செயல் இல்லை.

1990களில் பணம் போன வழிகளை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன்.

முதல் வழி, எண்ணெயை அடகு வைத்த கடன். அரசுக்கு அவசரமாகப் பணம் வேண்டும். வெளிநாட்டு வங்கிகள் கடன் கொடுக்கும். வட்டி அதிகம், தவணை குறைவு. ஈடு என்ன? இனிமேல் வரப்போகும் கப்பல் சரக்கு. எண்ணெய் வாங்குபவர் பணத்தை லுவாண்டாவுக்கு அனுப்ப மாட்டார், வெளிநாட்டில் உள்ள ஒரு தனிக் கணக்கில் போடுவார். வங்கி தன் தவணையை முதலில் எடுத்துக்கொள்ளும். மீதிதான் அங்கோலாவுக்கு. விளையப்போகும் நெல்லை வட்டிக்காரரிடம் முன்பே எழுதிக் கொடுத்த குடும்பத்தின் கதைதான். வித்தியாசம் என்னவென்றால், கையெழுத்துப் போட்டவர்களுக்குப் பசி இல்லை. இந்தப் பணத்தில் பெரும்பகுதி நாட்டின் கஜானாவை எட்டிப் பார்த்ததே கிடையாது. வராத பணத்தை யார் பட்ஜெட்டில் எழுதுவார்கள்?

இரண்டாவது, கையெழுத்து போனஸ். ஒரு பிளாக்கில் எண்ணெய் இருக்கிறதோ இல்லையோ, உரிமை வாங்கும்போதே கம்பெனி ஒரு பெரிய தொகை கொடுக்க வேண்டும். திருப்பித் தர மாட்டார்கள். 1999ல் ஆழ்கடல் பிளாக்குகள் 31, 32, 33 ஆகியவற்றுக்கு பி.பி., எல்ஃப், எக்ஸான் போன்ற கம்பெனிகள் கொடுத்த போனஸ் மொத்தம் ஏறத்தாழ 90 கோடி டாலர். 1998 கடைசியில்தான் யுத்தம் மீண்டும் வெடித்திருந்தது. போனஸ் பணம் யுத்தச் செலவுக்குப் போகும் என்று அன்றைய வெளியுறவு அமைச்சரே சொன்னதாகச் செய்தி வந்தது. ஒரே நாளில் வரும் மொத்தப் பணம், ஒரே கையில். கணக்கில் காட்டாமல் விட இதைவிட வசதியான வரவு உண்டா?

மூன்றாவது எனக்கு மிகவும் சுவாரசியமானது. நாணய மாற்று விகிதம். 1999 வரை அங்கோலாவில் டாலருக்கு இரண்டு விலை. மத்திய வங்கியில் ஒரு விலை, தெருவில் ஒரு விலை. தெருவில் டாலர் மாற்றும் பெண்களுக்கு கிங்கிலா என்று பெயர். லுவாண்டாவின் முக்குக்கு முக்கு அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். உதாரணத்துக்கு வங்கி விலை 10, தெரு விலை 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி விலையில் டாலர் வாங்க அனுமதி கிடைத்தவர் காலையில் 10க்கு வாங்கி மாலையில் 20க்கு விற்கலாம். மறுநாள் அந்த 20ஐ வைத்து இரண்டு டாலர் வாங்கலாம். ஒரு தொழிலும் வேண்டாம், ஒரு சரக்கும் வேண்டாம். அனுமதி யாருக்குக் கிடைக்கும் என்பதுதான் விஷயம். கடலுக்கடியில் இருந்து வந்த டாலர் இப்படி மேல்மட்டக் குடும்பங்களின் வீட்டுக்குள் போனது. சட்டப்படி பார்த்தால் இதில் பெரும்பகுதியைத் திருட்டு என்றே சொல்ல முடியாது!

நான்காவது, ஆயுதத் தரகு. 1992 தேர்தல் முடிவை சவிம்பி ஏற்கவில்லை, யுத்தம் திரும்ப வந்தது. அரசுக்கு அவசரமாக டாங்கிகளும் ஹெலிகாப்டர்களும் தேவைப்பட்டன. 1993 முதல் 1998 வரை ஏறத்தாழ 79 கோடி டாலருக்கு ஆயுதம் வந்தது. ஏற்பாடு செய்தவர்கள் பியர் ஃபால்கோன், ஆர்கடி கைடமாக் என்ற இரு தொழிலதிபர்கள். பணத்துக்குப் பின்னால் நின்றது எண்ணெய். பிரான்சில் இது "அங்கோலாகேட்" என்ற பெயரில் பெரிய வழக்காகி 42 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். 2009ல் பாரீஸ் நீதிமன்றம் இருவருக்கும் ஆறு வருடச் சிறை விதித்தது. 2011ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரு நாட்டின் அரசுக்காக நடந்த வியாபாரம் என்று ஆயுதக் கடத்தல் குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டு தண்டனைகளைப் பெரிதும் குறைத்தது. இதில் கவனிக்க வேண்டியது: வழக்கு நடந்தது பாரீசில். யாருடைய எண்ணெய் விற்கப்பட்டதோ அவர்கள் ஊரில் வழக்கே இல்லை.

422க்குப் பக்கத்தில் 427

இப்படி நாலு வழியில் போகும் பணத்தை யார் கூட்டிப் பார்ப்பது? சொனாங்கோல், மத்திய வங்கி, அதிபர் மாளிகை இந்த மூன்றுக்கும் நடுவில் போகும் டாலர் திரும்பி வராது என்பதால் அதை "பெர்முடா முக்கோணம்" என்றே சொல்வார்கள்.

2004 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஒரு அறிக்கை வெளியிட்டது. ஐ.எம்.எஃப். ஆவணங்களை வைத்துச் செய்த கணக்கு. 1997 முதல் 2002 வரை, வந்ததாகத் தெரிந்த எண்ணெய்ப் பணத்துக்கும் செலவானதாகத் தெரிந்த பணத்துக்கும் இடையே விளக்கமில்லாத வித்தியாசம் 422 கோடி டாலர். இதை மட்டும் சொன்னால் நமக்கு உறைக்காது. அதே அறிக்கையில் பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கிறது. அதே ஆறு வருடத்தில் நாட்டில் சமூக நலனுக்கு ஆன மொத்தச் செலவு, அதாவது அரசு செலவழித்ததும் ஐ.நா. மூலம் உலக நாடுகள் கொடுத்த உதவியும் சேர்ந்து, 427 கோடி டாலர்.

422. 427. நான் இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் பற்று, வரவு என்று பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தேன். கிட்டத்தட்ட சமமாகிவிடுகிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தடுப்பூசி, அகதி முகாம் கஞ்சி எல்லாவற்றுக்கும் ஆன பணம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு பணம் விளக்கமில்லாமல் போயிருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கோலாவில் பிறந்த 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 250 பேர் ஐந்து வயதைத் தாண்டுவதில்லை என்பது யுனிசெஃபின் அன்றைய மதிப்பீடு. நான்கில் ஒன்று.

அரசு என்ன பதில் சொன்னது? பணம் எங்கும் போகவில்லை, கணக்கு சரியாக எழுதப்படவில்லை, மாற்று விகிதக் குழப்பம் என்றது. இதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. 422 கோடியும் யாரோ பெட்டியில் கட்டிக்கொண்டு போனார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பகுதி ஆயுதமாகியிருக்கும், ஒரு பகுதி கடன் தவணையாகியிருக்கும், ஒரு பகுதி சுவிஸ் கணக்காகியிருக்கும். எது எவ்வளவு? தெரியாது. அந்தத் தெரியாமைதான் பிரச்சினையே. "நாங்கள் திருடவில்லை" என்று நிரூபிக்க வேண்டிய ஏடு எழுதப்படவில்லை என்றால், அதனால் லாபம் யாருக்கு? திருடியவருக்கு மட்டும்தான். நேர்மையாக வேலை செய்த அதிகாரிக்கு அது நஷ்டம்.

ஒரு கடிதம்

சரி, கொடுத்த பக்கத்திலிருந்து தெரிந்துகொள்ளலாமே? கம்பெனிகள் எவ்வளவு கொடுத்தோம் என்று சொன்னால் போதுமே? குளோபல் விட்னஸ் 1999ல் வெளியிட்ட அறிக்கையில் கேட்டது இதைத்தான். வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடுவது மாதிரி. நம் ரொக்க ஏடு ஒரு பக்கம், வங்கியின் செல்லேடு ஒரு பக்கம். ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக் கொடுத்துவிடும்.

2001 தொடக்கத்தில் பி.பி. கம்பெனி, அங்கோலா அரசுக்குக் கொடுக்கும் தொகைகளை வெளியிடுவதாக அறிவித்தது. பிளாக் 31க்காகக் கொடுத்த போனஸ் 11.1 கோடி டாலர் என்பது பிரிட்டனில் அது தாக்கல் செய்த கணக்கில் வெளிவந்தது. உடனே சொனாங்கோல் தலைவர் மனுவேல் விசென்டேயிடமிருந்து ஒரு கடிதம் போனது. ஒப்பந்தத்தில் ரகசிய விதி இருக்கிறது, அதை மீறினால் ஒப்பந்தமே ரத்தாகலாம் என்ற எச்சரிக்கை. அதன் நகல் அங்கோலாவில் இருந்த மற்ற எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் போனது. அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாட்டின் சொத்தை விற்று எவ்வளவு வந்தது என்பது அந்த நாட்டு மக்களுக்குச் சொல்லக்கூடாத ரகசியம்! யுத்த காலத்தில் இதற்கு "எதிரிக்குத் தெரிந்துவிடும்" என்று ஒரு காரணம் சொல்லலாம். ஆனால் எதிரிக்குத் தெரியாதா என்ன? எண்ணெய் விலை தினமும் பேப்பரில் வருகிறது. தெரியாமல் இருந்தது லுவாண்டாவின் குடிசைப் பகுதிகளில் இருந்தவர்களுக்குத்தான்.

கடிதம் ஒரு நன்மையும் செய்தது. ஒரு கம்பெனி மட்டும் நல்லவனாக இருந்தால் அதைத் தனியாக அடிப்பார்கள், அதனால் எல்லாரும் வெளியிட வேண்டும் என்று சட்டமே வர வேண்டும் என்பது புரிந்தது. 2002ல் "கொடுப்பதை வெளியிடு" என்ற உலக இயக்கம் ஆரம்பித்தது. அதே வருடம் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர், எண்ணெய், சுரங்கத் தொழில்களில் வெளிப்படைத்தன்மைக்கான ஒரு திட்டத்தை அறிவித்தார். 2013ல் ஐரோப்பிய ஒன்றியம் பெரிய எண்ணெய், சுரங்கக் கம்பெனிகள் அரசுகளுக்குக் கொடுப்பதை நாடு வாரியாக வெளியிட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. எந்தச் சட்டத்தில் தெரியுமா? கணக்குப்பதிவு பற்றிய சட்டத்தில். நம் பாடம்தான் மக்களே!

யுத்தம் முடிந்தது, ஏடு திறக்கவில்லை

2002 ஏப்ரலில் சமாதான ஒப்பந்தம். துப்பாக்கிகள் ஓய்ந்தன. இனி ரகசியத்துக்குக் காரணம் இல்லை. எல்லாம் சரியாகியிருக்க வேண்டும் அல்லவா?

யுத்தம் நடக்கும்போதே ஐ.எம்.எஃப். நெருக்கடியால் கே.பி.எம்.ஜி. நிறுவனத்தை வைத்து எண்ணெய் வருமானத்தை ஆராய அரசு ஒத்துக்கொண்டிருந்தது. ஆனால் அது முழுத் தணிக்கை இல்லை. பணம் வந்ததா என்று பார்க்கலாம், எங்கே போனது என்று தோண்டக்கூடாது. அதன் சுருக்கம் 2004ல்தான் வெளிவந்தது. சொனாங்கோலின் இரட்டை வேடத்தால் வரும் சிக்கலை அதுவும் சொன்னது.

அதே 2004ல் சீனாவின் எக்ஸிம் வங்கி 200 கோடி டாலர் கடன் கொடுத்தது. ஈடு, வழக்கம்போல எண்ணெய். "கணக்கைக் காட்டு" என்ற நிபந்தனை இல்லை. ஐ.எம்.எஃபின் பிடி தளர்ந்தது. இதில் நம் நாட்டுக்கும் ஒரு சின்ன வேஷம் உண்டு. அந்த வருடம் பிளாக் 18ல் ஷெல் கம்பெனியின் 50 சதவீதப் பங்கை வாங்க ஓ.என்.ஜி.சி. விதேஷ் பேசி முடித்திருந்தது. சொனாங்கோல் தன் முன்னுரிமையைப் பயன்படுத்தி அதைத் தடுத்து, பங்கை சீனர்கள் பக்கம் திருப்பிவிட்டது. இந்தியா ரயில்வேக்காகத் தருவதாகச் சொன்னது 20 கோடி டாலர், சீனா தந்தது 200 கோடி என்று அப்போது பேசிக்கொண்டார்கள். நாம் மட்டும் ஜெயித்திருந்தால் கணக்கைக் கேட்டிருப்போமா? எனக்குச் சந்தேகம்தான்.

எண்ணெய் விலை ஏறியது. 2008ல் அங்கோலா நாளொன்றுக்கு ஏறத்தாழ 19 லட்சம் பீப்பாய் எடுத்தது. 2010ல் வெளிநாட்டவர் வாழ உலகிலேயே செலவு அதிகமான நகரம் லுவாண்டா என்று மெர்சர் பட்டியல் சொன்னது. அதற்கு நாலு வருடம் முன்புதான், 2006ல், அதே நகரத்தின் குடிசைப் பகுதியில் தொடங்கிய காலரா நாடு முழுக்கப் பரவி 1,600க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தது. குழாய் இல்லாமல் லாரித் தண்ணீரை பக்கெட் கணக்கில் காசு கொடுத்து வாங்கிய மக்கள் அவர்கள்.

2011 டிசம்பரில் ஐ.எம்.எஃப். ஒரு எண்ணைச் சொன்னது. 2007 முதல் 2010 வரை அரசுக் கணக்கில் விளக்கமில்லாத வித்தியாசம் 3,200 கோடி டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. பிறகு, இதில் பெரும்பகுதி அரசுக்காக சொனாங்கோல் பட்ஜெட்டுக்கு வெளியே செய்த செலவு என்று விளக்கம் வந்தது. அதாவது எண்ணெய் கம்பெனி வீடு கட்டுகிறது, ரயில் பாதை போடுகிறது, அரசு கணக்கில் அது தெரிவதே இல்லை.

இதைப் படித்தபோதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. யுத்தத்தின்போது 422 கோடி. யுத்தம் முடிந்து ஐந்து வருடம் கழித்து ஆரம்பிக்கும் கணக்கில் 3,200 கோடி. அப்படியென்றால் யுத்தம் காரணம் இல்லை, சாக்கு. யுத்தம் என்ன செய்தது என்றால், கேள்வி கேட்காமல் இருக்க ஒரு நாட்டைப் பழக்கியது. ரகசியமாக வாங்கு, வெளிநாட்டில் செலுத்து, பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு முழு நிர்வாகத்தையும் பயிற்சி கொடுத்து வைத்தது. துப்பாக்கி ஓய்ந்ததும் பயிற்சி மறந்துவிடுமா?

அதற்குப் பிறகு

2016ல் அதிபர் தன் மகள் இசபெல் டோஸ் சாண்டோஸை சொனாங்கோலுக்கே தலைவராக்கினார். 2017ல் அதிபர் பதவிக்கு வந்த ஜோவாவ் லொரென்சோ சில வாரங்களில் அவரை நீக்கினார். 2020 ஜனவரியில் "லுவாண்டா லீக்ஸ்" என்ற பெயரில் லட்சக்கணக்கான ஆவணங்கள் வெளிவந்தன. அரசு ஒப்பந்தங்கள் அவர் தொடர்புடைய கம்பெனிகளுக்கு எப்படிப் போயின என்று பத்திரிகையாளர்கள் எழுதினார்கள். அவர் எல்லாவற்றையும் மறுக்கிறார், அரசியல் பழிவாங்கல் என்கிறார். 2024ல் பிரிட்டன் அவர்மீது தடை விதித்தது. இதில் நமக்குச் சம்பந்தப்பட்ட ஒரு செய்தி: அந்த ஆவணங்களில் பெரிய ஆடிட்டிங், கன்சல்டிங் நிறுவனங்களின் பெயர்களும் இருந்தன. கேள்வி கேட்கச் சம்பளம் வாங்குபவர்கள் கேட்காமல் இருக்க ஃபீஸ் வாங்கினார்களா என்று உலகம் கேட்டது. சி.ஏ. படிக்கப்போகும் என் நண்பர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கவும்.

அங்கோலா 2022ல் அந்த வெளிப்படைத்தன்மைத் திட்டத்தில் சேர்ந்தது. பி.பி.க்குப் போன கடிதத்திலிருந்து எண்ணினால் 21 வருடம். நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய் உற்பத்தி இப்போது 2008ல் இருந்ததில் ஏறத்தாழ பாதிதான். கஜானா நிறைந்திருந்தபோது ஏடு இல்லை, ஏடு வரும்போது கஜானா இளைத்துவிட்டது. 2025 ஜூலையில் டீசல் விலை ஏற்றத்தை எதிர்த்து லுவாண்டாவின் மினி பஸ் டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது கலவரமாகி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடலிலிருந்து கச்சா எண்ணெய் எடுத்து உலகத்துக்கு விற்ற நாட்டில், டீசலுக்காக.

முடிக்கிறேன். நம்மில் பலர் பி.காம். படிப்பதே வேறு சீட் கிடைக்காமல்தான் (நானும்தான், மறைக்க என்ன இருக்கிறது). பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு என்பதெல்லாம் குமாஸ்தா வேலை என்று மற்ற டிபார்ட்மென்ட் பசங்க கிண்டல் செய்வார்கள். இனிமேல் கிண்டல் செய்தால் அங்கோலாவைச் சொல்லுங்கள். அங்கே எண்ணெய் இருந்தது, பொறியாளர்கள் இருந்தார்கள், வங்கிகள் இருந்தன, வழக்கறிஞர்கள் இருந்தார்கள். வந்ததை வந்தது என்றும் போனதை போனது என்றும் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதும் ஒரு குமாஸ்தாவை மட்டும் அவர்கள் உள்ளே விடவில்லை.

எங்கள் சார் சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டியிருக்கிறது. அனாமத்துக் கணக்கை வருஷம் முடிவதற்குள் மூட வேண்டும் என்றார். அங்கோலாவின் 1997-2002 கணக்கை இனி யாரும் மூட முடியாது. அந்த நாலில் ஒரு குழந்தை இருந்திருந்தால், இன்று என் வயதைத் தாண்டியிருக்கும்.